ஒரு வீட்டுக்கு ஒரு விழிப்பு

ஆறு மாதக் கனவில் சௌமியா ஒரே ஓர் அடிதான் எடுத்து வைத்திருந்தாள். நொய்யல் ஆற்றின் நடுவே ஒரு கல்லில் நின்றுகொண்டு, அடுத்த கல்லை நோக்கிக் காலைத் தூக்கியிருந்தாள். தண்ணீர் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் ஓசையில்லாமல் ஓடியது. கால் அந்தக் கல்லைத் தொடப்போன நேரத்தில் யாரோ அவள் உள்ளங்கையைத் தேய்த்தார்கள். துயிற்கூட்டின் மூடி விலகியது. வாயில் இரும்பின் சுவை. செவிலி அவளிடம் பெயரைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், வருடத்தைக் கேட்டாள். வருடத்தை மட்டும் சௌமியா தவறாகச் சொன்னாள். எழுந்து வருகிற எல்லோரும் அதைத்தான் தவறாகச் சொல்கிறார்கள் என்று செவிலி சிரித்தாள்.

வெளியே கணவன் கவின்ராஜும் மகள் ஓவியாவும் காத்திருந்தார்கள். அன்று கைமாற்று நாள். மறுநாள் காலை கவின் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம்.

சாம்பல் காய்ச்சல் வந்தபோது ஓவியாவுக்கு ஒன்பது வயது. கவின் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சௌமியா இன்னொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மூச்சில் பரவிய அந்தக் காய்ச்சலில் கப்பல்கள் நின்றன, ஆர்டர்கள் நின்றன, திருப்பூரின் இரைச்சல் நின்றது. ஒரே வாரத்தில் இருவருக்கும் வேலை போயிற்று. நகைகள் போயின, ஸ்கூட்டர் போயிற்று. பிறகு ஒரு நாள் மதியம், ஓவியாவுக்கு மட்டும் தட்டு வைத்துவிட்டு, இருவரும் தங்களுக்குப் பசியில்லை என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் துயிற்கூடுகள் வந்தன. கூட்டுக்குள் படுத்தவரின் உடல் பன்னிரண்டு பாகைக்குக் குளிர்ந்துவிடும். இதயம் நிமிடத்துக்கு நான்கு தடவைதான் துடிக்கும். அந்தக் குளிரில் கிருமி பிழைக்காது. பசிக்காது, வயதும் அநேகமாக ஏறாது. வீட்டுக்கு ஒருவர் தூங்கினால் அரசு துயிற்படி என்று மாதாமாதம் பணம் தரும். விழித்திருப்பவருக்குக் கம்பெனிகள் வேலை தரும். ஊரில் பாதிப் பேர் தூங்கினால் நெரிசல் குறையும், நோயும் தளரும் என்றார்கள். அப்படியேதான் நடந்தது. மூடிக் கிடந்த பெரிய ஆலைக்கூடங்களில் ஆயிரக்கணக்கான கூடுகள் வரிசை வரிசையாக, இளநீல வெளிச்சத்தோடு நிறைந்தன.

கவினுக்கும் சௌமியாவுக்கும் சேர்த்து ஒரே வேலை. பதினான்காம் எண் வெட்டியந்திரத்தில் ஆறு மாதம் அவன் நிற்பான், ஆறு மாதம் அவள் நிற்பாள். அவள் எழும்போது அவன் தூங்கப் போவான். முதல் வருடம் எல்லாரும் இதைத் தற்காலிகம் என்றார்கள். அது எட்டு வருடமாயிற்று.

கைமாற்று நாளில் அவர்கள் எப்போதும் போல ஆற்றங்கரையில் நடந்தார்கள். சாயப்பட்டறைகள் பாதி நின்றுபோனதால் நொய்யலில் கூழாங்கற்கள் தெரிந்தன. கவின் ஆறு மாதச் செய்திகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். ஓவியா பன்னிரண்டாம் வகுப்பில் தேறியது, எந்தக் கல்லூரியிலும் இடம் இல்லாதது, மேல்மாடிக் குழாய் ஒழுகுவது. சொல்லி முடித்ததும், புதிதாகக் கல்யாணமானவர்கள் போல விரல்களை மட்டும் கோத்துக்கொண்டார்கள். ஓவியா வேண்டுமென்றே பத்தடி முன்னால் நடந்தாள்.

கவின் தூங்கப் போன மூன்றாவது மாதம், கடைசி நோயாளியும் குணமாகிவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது. கோயில் மணிகளும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் மாதா கோயில் மணியும் ஒரே நேரத்தில் ஒலித்தன. முகம் தெரியாதவர்கள் தெருவில் கட்டிக்கொண்டார்கள். சௌமியா அன்றே கம்பெனி மேலாளர் சம்பத்குமாரைப் பார்க்கப் போனாள். கணவரை எழுப்பப் போவதாகவும், அவருக்கும் ஒரு வேலை வேண்டும் என்றும் கேட்டாள்.

சம்பத்குமார் கெட்டவர் இல்லை. அவளுக்கு டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். எட்டு வருடத்தில் பாதி ஆட்களை வைத்தே முழு வேலையையும் முடிக்கக் கம்பெனிகள் கற்றுக்கொண்டுவிட்டன. ஒருவர் சாப்பாடும் ஒரு பிள்ளையின் சாப்பாடும் என்ற கணக்கில்தான் சம்பளம் நிற்கிறது. வாடகையும் பேருந்தும் குடிதண்ணீரும்கூட அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. கவின் எழுந்த நாளிலிருந்து துயிற்படியும் நின்றுவிடும்.

"ஒரு வீட்டுக்கு ஒரு விழிப்புன்னு ஊரே பழகிருச்சுங்கம்மா," என்றார். "நான் மட்டும் என்ன பண்றது? என் சம்சாரமும் அங்கதான் தூங்குது."

வீட்டுக்கு வந்து சௌமியா இதை மகளிடம் சொன்னாள். ஓவியா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அப்பாவுக்குப் பதிலாகத் தான் தூங்கப் போவதாகச் சொன்னாள். பதினாறு வயதானால் கையெழுத்துப் போடலாம், யார் தூங்கினாலும் துயிற்படி ஒன்றுதான்.

சௌமியா முடியவே முடியாது என்றாள். நீ பசியில்லாமல் வளர வேண்டும் என்றுதானே நாங்கள் மாறி மாறிப் படுத்தோம் என்றாள்.

"அம்மா இருந்தா அப்பா இல்ல, அப்பா இருந்தா அம்மா இல்ல," என்றாள் ஓவியா. "உங்க ரெண்டு பேரையும் சேத்து நான் பாத்தது பதினாறு நாளும்மா. எட்டு வருசத்துல பதினாறே நாளு."

சௌமியா மகளின் தலையைத் தடவினாள். இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடச் சொன்னாள். ஓவியாவும் சரி என்பது போலத் தலையாட்டினாள்.

நான்காவது நாள் மாலை வேலை முடிந்து சௌமியா கதவைத் திறந்தபோது, கூடத்தில் கவின் உட்கார்ந்திருந்தான். தோளில் போர்வை, தலைமுடியில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு கணம், தான்தான் கூட்டுக்குள் கிடந்து கனவு காண்கிறோம் என்று அவள் நினைத்தாள்.

"நீதான் வரச் சொன்னியாம். ஓவியா சொல்லுச்சு," என்றான் அவன். "கையப் புடிச்சுட்டு நின்னுச்சு. அப்பறம் உள்ள போயிருச்சு. எங்க போவுதுன்னு எனக்கு வெளங்கறதுக்குள்ள மூடிட்டாங்க."

அன்று மாலை அவர்கள் எட்டு வருடமாக ஏங்கிய மாலை. நாளை காலை யாரும் போக வேண்டியதில்லை. ஆனால் இருவரும் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் வீட்டுக்குள் நடந்தார்கள். அவன் டீ போட்டான்; அதே நேரத்தில் அவளும் இன்னோர் அடுப்பில் டீ போட்டிருந்தாள். ஓவியாவின் அறைக்கதவை ஒருவர் மாற்றி ஒருவர் திறந்து பார்த்தார்கள். நான் திரும்பிப் போகிறேன் என்று அவன் சொன்னான். இந்தத் தடவை நான் போகிறேன் என்று அவள் சொன்னாள். சண்டைகூடப் போடத் தெரியாத அளவுக்கு அவர்கள் ஒருவருக்கொருவர் புதியவர்களாகியிருந்தார்கள். கடைசியில், யார் படுத்தாலும் சரி, பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடுவது என்று முடிவாயிற்று.

விடிந்ததும் துயிற்கூடத்துக்குப் போனார்கள். எழுத்தர் ஓர் இளம்பெண். ஓவியாவின் பெயரைத் திரையில் தேடி எடுத்து, படித்து, நிமிர்ந்து பார்த்தாள்.

எழுப்ப முடியாது என்றாள். தூங்குபவர் எழுதிய நிபந்தனையைப் பெற்றவர்கள்கூட மீற முடியாது. ஆள் தேவைப்படும்போதெல்லாம் கம்பெனிகள் தட்டி எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக முதல் வருடமே போட்ட சட்டம் அது. இதுவரை எல்லாரும் அந்த இடத்தில் ஒரு தேதியும், காய்ச்சல் ஒழிந்தால் அதற்கு முன்பே எழுப்பலாம் என்றும் மட்டுமே எழுதிவந்தார்கள்.

"உங்க பொண்ணு தேதி எழுதலைங்க," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக வேலை கிடைத்த பிறகு, இருவரும் சேர்ந்து வந்தால் மட்டும் எழுப்பவும்.'

சௌமியா அதை இரண்டு தடவை படித்தாள். ஓவியா சின்ன வயதில் பிடிவாதம் பிடித்ததே இல்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வாள், அவ்வளவுதான். கவின் மேசையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் அது நடக்கிற காரியமா என்று கேட்டான்.

அவர்களுக்குப் பின்னால் ஒருவர் செருமினார். திரும்பினால், மேலாளர் சம்பத்குமார். சவரம் செய்யாத முகத்தோடு, பக்கத்தில் போர்வை போர்த்திய மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். அவர்களுடைய மகன் முந்தாநாள் வந்து படுத்துவிட்டானாம். அவனும் இதே வரியை எழுத்து மாறாமல் எழுதியிருந்தான்.

"பிள்ளைக எல்லாம் பேசி வச்சுட்டு வந்திருக்குதுகம்மா," என்றார் சௌமியாவிடம். முதலாளியிடம் பேசிப் பார்த்ததாகவும், அந்த முதலாளியின் மகளும் நேற்று மாலையிலிருந்து வீட்டில் இல்லை என்றும் சொன்னார்.

இப்படி மொத்தம் எத்தனை பேர் என்று எழுத்தரிடம் கேட்டார்.

"இன்னும் எண்ணி முடிக்கலைங்க, சார்."

அவள் சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். காலை வெயிலில் பனி இன்னும் கலையவில்லை. ஆலைக்கூடத்தின் பின்வாசலில், சாலையின் வளைவு வரை, பதினாறும் பதினேழும் வயதுள்ள பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். தேருக்குப் போகிறவர்களைப் போலத் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, மெல்லப் பேசிச் சிரித்தபடி, ஓரோர் அடியாக முன்னால் நகர்ந்தார்கள்.