கறுத்த செம்பு

இயந்திரத்திலிருந்து விழுந்த செம்பு கறுப்பாக இருந்தது.

ஹியாம் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். பழைய கணினி வயர்களை அரைத்து, செம்பை ஒரு வாளியிலும் பிளாஸ்டிக் தூளை மற்றொன்றிலும் கொட்டும் இயந்திரம் அது. கணவன் ஜவ்தத் நெஞ்சு நோயில் இறந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த இத்னா ஊர்ப் பள்ளத்தில் செம்புக்காக வயர் எரிப்பதும் நின்றுபோன பிறகு அவள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்தது. இத்தனை நாளும் அது தந்த செம்பு பளபளவென்றுதான் இருக்கும். இன்று கரி படிந்து, வெதுவெதுப்பாக, நெருப்பிலிருந்து எடுத்தது போல இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் ஒரு துகளும் இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினாள். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு உம் ரஷாத் கத்தினாள்.

"அடியே ஹியாம்! துணி காயப் போட்டிருக்கேன், இப்பப் போயி வயரைக் கொளுத்துறியே! உன் புருஷனை அந்தப் புகை தின்னது பத்தாதா?"

"நான் எதையும் கொளுத்தலக்கா."

"அப்ப உன் வீட்டுக்குப் பின்னாடி குந்தியிருக்கிறது யாரு?"

பின்கதவைத் திறந்தாள். மாலைப் பனி ஆலிவ் மரங்களை அடிவரை விழுங்கியிருக்க, உருகும் பிளாஸ்டிக்கின் இனிப்பும் கசப்புமான நாற்றம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து அவள் தலைத்துணியில், நாக்கில், கண்ணோரத்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே ஒரு சிறு நெருப்பு. அதன்முன் ஒருவன், முதுகு காட்டி. வலது தோள் சற்றே இறங்கிய முதுகு.

"ஜவ்தத்?"

கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் அவன் போனதிலிருந்து அந்த வீட்டில் அவளெதிரே உட்கார்ந்து ஒருவரும் தேநீர் குடித்ததில்லை. பிள்ளைகள் அம்மான் நகரத்தில். போனில் மட்டும் குரல். அவள் கால்கள் தாமாகவே இறங்கின.

"குளிருதுய்யா... உள்ள வாயேன்."

நெருப்பில் சூடு இல்லை. சடசடப்பும் இல்லை. அவன் கைகள் மட்டும் அசைந்தன. எதையோ இழுத்தான். நெருப்பில் போட்டான். மறுபடி இழுத்தான்.

வயர்.

எங்கிருந்து வருகிறது? கண்ணால் தொடர்ந்தாள். சாம்பல் மேல். கற்களுக்கிடையில். அவள் பக்கமாக. அவள் பாதத்தருகே தரையிலிருந்து எழும்பி, பாவாடையை உரசி, மார்பின் மேலாக.

மேலே.

கத்த வாய் திறந்தாள். பற்களுக்கிடையில் உலோகம்.

ஜவ்தத் திரும்பிப் பார்க்காமலே இழுத்தான்.