மேலே ஏறிய பாரம்

அந்த வீட்டின் வாசல் கதவு பச்சையா, நீலமா? இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை தூறியதா என்பதிலும் சந்தேகம்தான். ஆனால் கூடம் முழுக்கப் பெட்டிகள் நின்றதும், வெறும் சுவர்களில் பேச்சு எதிரொலித்ததும் நன்றாக நினைவில் இருக்கின்றன.

அன்று அப்பா, அம்மா, அக்கா, தம்பி நாலு பேரும் வீடு மாறினார்கள்.

அக்காவுக்கு வீட்டில் ‘குலுக்கி’ என்று பெயர். எந்தப் பொட்டலம் வந்தாலும் காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். ஒருமுறை அம்மாவின் கண்ணாடிக் குவளைகளையும் குலுக்கினாள். அதன்பின் அவை குவளைகளாக இல்லை.

அப்பா கடைசிப் பெட்டிக்கும் டேப் ஒட்டி முடித்தார். அப்போது தம்பி ஓடி வந்தான்.

“அக்கா, பொத்தானைக் காணோம்!”

பொத்தான் அவர்களுடைய பூனைக்குட்டி. வாயைத் திறக்கும், ஆனால் குரல் வராது. பரண், குளியலறை, அலமாரி, எங்கேயும் அது இல்லை.

“பெட்டிக்குள்ள தூங்கிடுச்சோ என்னவோ” என்றாள் குலுக்கி. “எதுல என்ன இருக்குப்பா?”

“எழுதவே வேணாம், எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்குன்னு சொன்னேன்ல? இதுல பாத்திரம்... இல்ல, துணி... கொஞ்சம் இரு...”

அப்பா தலையைச் சொறிந்தார். எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகள்.

வாசலில் லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “சார், அத்தனையும் பிரிச்சா பொழுது போயிடும். அங்க போய் இறக்கினதும் பாத்துக்கலாமே.”

“அதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டிடும்!” தம்பியின் உதடு பிதுங்கியது. “அக்கா, நீ குலுக்கிப் பாரேன்!”

குலுக்கி ஒரு பெட்டியை இரு கைகளாலும் பிடித்தாள். குவளைகள் ஞாபகத்துக்கு வந்தன. உள்ளே பொத்தான் இருந்தால்?

அவள் குலுக்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லத் தூக்கிச் சாய்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

“புத்தகம்.”

அடுத்தது சாய்ந்ததும் சரிந்து கணகணத்தது. “பாத்திரம்.” இன்னொன்றின் அடிப்பக்கம் கையில் மெத்தென்று தொங்கியது. “துணி.”

“சரிதான், வீட்டுக்கு ஒரு எக்ஸ்ரே மெஷின்” என்றார் ஓட்டுநர். யாரும் சிரிக்கவில்லை.

சன்னல் ஓரப் பெட்டியைச் சாய்த்தாள். ஏதோ ஒரு பாரம் கீழ்ப்பக்கம் சரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் காத்திருந்தாள்.

பாரம் மெதுவாக மேல்பக்கம் ஏறியது.

“அப்பா! சாமான் சரியும், ஏறாது! இதைப் பிரிங்க!”

டேப் கிழிந்தது. போர்வைக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எழுந்தன. பொத்தான் வாயைத் திறந்தது. வழக்கம்போல் சத்தம் வரவில்லை. தம்பிதான் அதற்கும் சேர்த்து அழுதான்.

“நான் மொதல்லயே இந்தப் பெட்டின்னு நெனச்சேன்” என்றார் அப்பா.

“நெனச்சீங்க, நெனச்சீங்க!” என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

அந்தப் பழைய வீடு இப்போது இல்லை. ஓட்டுநரை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை. பொத்தான் புது வீட்டில் பல வருடங்கள் வாழ்ந்து கிழமாகி, தம்பியின் மடியில் கண்ணை மூடியது. தம்பி இப்போது அப்பாவைவிட உயரம். அப்பா எல்லாப் பெட்டியிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறார். அக்காவை இன்றும் எல்லோரும் குலுக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும் எதையும் குலுக்குவதில்லை. மெல்லச் சாய்த்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள்.