கதிரேசன் மாமா கட்டிய முதல் காயில்

அன்புச்செல்வியின் அப்பா ஜெரோம் கிட்டார் செய்கிறவர். மதுக்கரையில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுப் பதினைந்து வருடமாக மரக் கிட்டார்கள் செய்து வருகிறார். வயிற்றில் வட்டமாக ஓட்டை இருக்குமே, அந்தக் கிட்டார்.

இந்த வருடம் அவருக்குப் புது ஆசை வந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரும் செய்ய வேண்டும்!

"ஓட்டையே இல்லாம எப்படிங்கப்பா சத்தம் வரும்?" என்று கேட்டாள் அன்பு. அவள் ஆறாம் வகுப்பு.

"அதுக்குத்தான் கண்ணு பிக்கப்புன்னு ஒண்ணு இருக்குது. கம்பிக்கு அடியில ஒரு காந்தம், அதைச் சுத்தி ஒரு காயில். கம்பி ஆடுறதைப் பிடிச்சு அது ஸ்பீக்கருக்கு அனுப்பும்."

மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்வதுதான் காயில். கடைகளில் பிக்கப் ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் பக்கத்துத் தெருவில் கதிரேசன் மாமாவை வைத்துக்கொண்டு அப்பா எதற்குக் கடைக்குப் போகிறார்? சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும், காயில் கட்ட அவரிடம்தான் வரும்.

மோட்டாருக்குத் தடித்த கம்பி போதும். பிக்கப்புக்கோ தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஏழாயிரம் சுற்று சுற்ற வேண்டும். முதல் தடவை இரண்டாயிரத்தில் அறுந்தது. அடுத்த தடவை ஐயாயிரத்தில் அறுந்தது.

"தும்மல் வந்தாக்கூட வெளிய போயித்தான் தும்மோணும் போல இருக்குதுங்க!" என்றார் மாமா.

மூன்றாவது தடவை முடித்துவிட்டார். பிறந்த குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு கிட்டாருக்கு அவ்வளவு பாடா என்று கேட்டால், "ஜெரோமுக்காக இதுகூடச் செய்யலீன்னா எப்படிங்க?" என்பார்.

கிட்டாருக்குக் கம்பி மாட்டுவது எப்போதும் அன்புவின் வேலை. அப்பா அவளிடம் ஒரு வெள்ளைப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மரம் வாங்கப் போய்விட்டார்.

அன்பு பிரித்துப் பார்த்தாள். ஆறும் மங்கலான சாம்பல் நிறக் கம்பிகள். அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அப்பாவின் முதல் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போய் இந்த அழுமூஞ்சிக் கம்பிகளா?

அலமாரியில் தங்கநிறக் கம்பிகள் இருந்தன. நல்ல மரக் கிட்டார்களுக்கு மட்டும் அப்பா எடுப்பவை; மெல்லிய இரண்டும் வெறும் இரும்பு, தடித்த நான்கின் மேலும் தங்கமாய் மின்னும் வெண்கலச் சுற்று. அன்பு அவற்றையே எடுத்து மாட்டினாள். வெள்ளைப் பாக்கெட்டை அலமாரியில் வைத்துவிட்டாள். கிட்டார் ஜொலித்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கிட்டார் வாங்க சாய்சரண் வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். கூடவே இரண்டு நண்பர்களையும் அழைத்து வந்திருந்தான். கதிரேசன் மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

சாய்சரண் வாசித்தான். மெல்லிய கம்பிகள் இரண்டும் ஷெட்டே அதிரப் பாடின. தடித்த கம்பிகள் நான்கும் போர்வைக்குள் பேசுவது மாதிரி முணுமுணுத்தன.

அப்பா திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். கம்பியை மட்டும் பார்க்கவில்லை. பதினைந்து வருடமாகத் தங்கநிறக் கம்பியையே பார்த்துப் பழகிய கண் அது. கிட்டார் என்றால் கம்பி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டது.

"காயில் சரியில்லீங்க, கதிரேசன்" என்றார் அப்பா.

"நல்லாப் பாத்துத்தானுங்க கட்டினேன்."

"மோட்டாருக்குக் கட்டுற மாதிரி இதையும் கட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது. இது பாட்டுச் சமாச்சாரமுங்க."

சாய்சரணின் நண்பன் ஒருவன் சிரித்துவிட்டான். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. எங்கள் ஊரில் கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் வலி ஒன்றும் குறைவதில்லை.

"அதைக் கழட்டிக் குடுத்துருங்க. நான் கட்டினதுல தப்புன்னா நானே பாத்துக்கறேனுங்க" என்றார் மாமா. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு அன்பு மேசையைச் சுத்தம் செய்தாள். ஒரு காந்தம் கிடந்தது. சும்மா அதை வைத்து நறுக்கிய கம்பித் துண்டுகளைப் பொறுக்கினாள். மெல்லிய கம்பித் துண்டுகள் துள்ளி வந்து ஒட்டின. தடித்த கம்பியிலிருந்து பிரிந்து கிடந்த தங்கநிறச் சுற்று அசையவே இல்லை.

அன்பு காந்தத்தை மறுபடியும் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். காந்தம் கண்டுகொள்ளாத கம்பியைப் பிக்கப் எப்படிக் கேட்கும்? மாமாவின் காயில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தப்பு அவளுடையது.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையேதான் நினைத்தாள். இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா அலமாரிக்குப் போய் வெள்ளைப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார்.

"நீ கம்பியை மாத்துன. நான் கம்பியைப் பாக்காமயே மனுசனைப் பேசிப்போட்டேன்" என்றார். "வா கண்ணு, போலாம்."

கடையில் மாமா குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் செம்புநிறத்தில் ஏதோ குவிந்து கிடந்தது, சிக்குப் பிடித்த முடி மாதிரி. அந்தக் காயில்தான். எங்கே தப்பு என்று தேடி முழுவதையும் பிரித்துப்போட்டிருந்தார்.

"எப்பங்க மாமா பிரிச்சீங்க?" என்றாள் அன்பு.

"இன்னைக்குக் காலைலதானுங்க அம்மணி. ரெண்டு நாளா மனசே வரலை. கடைசி வரைக்கும் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு தப்பும் அகப்படலீங்க."

நேற்றே வந்திருந்தால் அந்தக் காயில் பிழைத்திருக்கும். அதை நினைக்க நினைக்க அன்புவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தேம்பிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அப்பாவும் மன்னிப்புக் கேட்டார்.

"பரவால்லீங்க. குழந்தை தெரியாமச் செஞ்சது" என்றார் மாமா. "ஆனா இனி என்கிட்ட வேண்டாமுங்க. காந்திபுரத்துல ரெடிமேடா கிடைக்குது, வாங்கி மாட்டிக்கங்க. கதிரேசனுக்குக் காயில் கட்டத் தெரியலைன்னு அந்தப் பசங்க சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இனி என்ன பண்ணி என்னங்க?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அன்பு அதையே யோசித்தாள். மாமாவைக் குறை சொன்னது மூன்று பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டதோ யாருமே இல்லாத இடத்தில்.

"அப்பா, சாய்சரண் அண்ணனுக்கு ஒரு போன் பண்ணித் தர்றீங்களா?"

சனிக்கிழமை சாய்சரணும் நண்பர்களும் வந்தார்கள், அப்பாவின் ஷெட்டுக்கு அல்ல, கதிரேசன் மாமாவின் கடைக்கு. மோட்டாரோடு நான்கு விவசாயிகளும் அங்கே காத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அன்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அன்னைக்குக் கிட்டார் பாடாததுக்குக் காரணம் நானுங்க. மாட்டச் சொன்ன கம்பிய மாட்டாம, அழகா இருக்குதுன்னு வேற கம்பிய மாட்டிப்போட்டேன். தெரிஞ்ச பொறவும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன். மாமா கட்டுன காயில்ல ஒரு தப்பும் இல்லீங்க."

"நானும் விசாரிக்காமப் பேசினது தப்புங்க" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

அன்று சிரித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். "சாரிங்கண்ணா" என்றான்.

மாமா துணியை எடுத்துக் கையை ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "புதுசா ஒண்ணு கட்டிப்பாக்கறேனுங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, சாம்பல் நிறக் கம்பிகள் மாட்டிய கிட்டாரைச் சாய்சரண் வாசித்தான். ஆறு கம்பிகளும் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டுக்கொண்டு பாடின. எல்லோரும் கைதட்டினார்கள்.

"மாமா, மொதல்ல கட்டினதும் இதே மாதிரி பாடியிருக்குமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் அன்பு.

"அது இன்னும் நல்லாப் பாடியிருக்குமுங்க. மொதக் காயிலு, பாத்துப் பாத்துக் கட்டினது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அன்பு சிரிக்கவில்லை. அது எப்படிப் பாடியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் தெரியப்போவதில்லை.

சாய்சரணின் நண்பன் தனக்கும் ஒரு கிட்டார் வேண்டும் என்றான். அன்று சாயங்காலமே மாமா அடுத்த காயிலுக்கு உட்கார்ந்தார்.

"அம்மணி, இங்க வாங்க. இந்தக் கம்பி உருளையைப் பிடிச்சுக்கங்க."

அன்பு தயங்கினாள். "நானுங்களா? அறுந்து போயிட்டா என்னங்க மாமா பண்றது?"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. அப்பவே சொல்லிப்போடுங்க."

அன்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்து உருளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.