வீரம்மா வீட்டு விளக்கு

தொலைவில் ஹுத்தான் மெலிந்தாங் தோட்டப்புறத்தில் ஒருவர் தும்மப்போனால், மூக்கு அரிக்கும்போதே ஈப்போ நகரில் தன் கணினி ‘நூறு வயசு’ என்று வாழ்த்திவிடும் என ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தான் கனகராஜ். அவன் மாடி அறைக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அஸ்லான் மட்டும் நம்பவில்லை.

“அடுத்தது என் கடை ஆட்டுக்காலு உன் திரையில நடக்கும்னு சொல்லுவ மச்சான்.”

கனகராஜ் செய்திருந்தது சின்னச் செயலிதான். மூடிய ரப்பர் தோட்டங்களின் லய வீடுகளில் தனியாகக் கிடக்கும் பெரியவர்கள், மாலையில் சாமி விளக்கு ஏற்றியதும் கைப்பேசியில் விளக்குப் படத்தைத் தொடுவார்கள். அதே கணம் வெளியூரில் பிள்ளைகளின் திரையிலும் அது எரியும். அம்மா நலம் என்று பொருள். ஆனால் ரப்பரை வெட்டிவிட்டு நட்ட செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் செத்துச் செத்துப் பிழைத்தது. விளக்கு எரியாத அன்றெல்லாம் பிள்ளைகள் பதறிப்போய்த் திட்டினார்கள். ஆகவே, சர்வருக்குத் தகவல் வராத நாளில் முந்தின நாள் விளக்கையே எரியும்படி வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

லயத்தில் தனியாக இருந்த வீரம்மா இறந்து பல நாளாகியும் அவர் விளக்கு எரிந்தது. உடலை நாய்கள்தான் கண்டுபிடித்தன.

கனகராஜ் அவர் பெயரை சர்வரிலிருந்து அழித்தான்.

மழை இருட்டிய ஒரு பிற்பகலில், சிங்கப்பூரிலிருந்து வீரம்மாவின் மகன் தேவன் அழைத்தான்.

“அண்ணே, அத்தனை நாளும் அம்மாதானே அழுத்தினாங்க? அதப் பார்த்துத்தான் நான் வராம இருந்தேன்.”

இப்போதாவது சொல்லிவிடலாம். நாக்கு புரண்டது.

“ஆமா தம்பி. அம்மாதான்.”

கணினியில் வீரம்மா வீட்டு விளக்கு எரிந்தது.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, கீழ்க்கடையின் மீன்குழம்பு வாசனையைத் தள்ளிக்கொண்டு, என்றோ வெட்டி முடித்த ரப்பர் மரங்களின் பட்டையில் உறைந்த ஒட்டுப்பால் நாற்றம் புளித்துப்போய் படியேறி வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. சர்வரில் தேடினான். அந்தப் பெயரே இல்லை. இணைய வயரைப் பிடுங்கினான். எரிந்தது.

தேநீரோடு வந்த அஸ்லான் எட்டிப் பார்த்தான். “பழைய படம் ஒட்டிக்கிட்டு நிக்குதுலா. கரண்ட நிறுத்து.”

நிறுத்தினான். திரை கறுத்தது. விளக்கு மட்டும் நின்றது.

பிறகு ஒரு விரல்.

திரைக் கண்ணாடியின் உள்பக்கம். நுனி தட்டையாக, வெளுத்து. நகக்கண்ணில் காய்ந்த ரப்பர் பால். அழுத்தியது. விளக்கு துள்ளியது. மறுபடி அழுத்தியது.

“அண்ணே,” போனில் தேவன் கூப்பிட்டான். “என் போன்ல விளக்கு எரியுது. அணைஞ்சு அணைஞ்சு எரியுது. யாரு அழுத்துறா?”

கனகராஜ் போனை மேசைமேல் வைத்துவிட்டான். அஸ்லான் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். அழியவில்லை. துண்டு போன பக்கமெல்லாம் விரலும் பின்னாலேயே போனது.

அஸ்லான் மெல்லப் போனை எடுத்தான்.

“அம்மாதான் தம்பி,” என்றான். “நான் பார்த்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்.”