கையெழுத்தில்லாத முகவரி

"இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அதை எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க அண்ணி. எடுத்தா எல்லாருக்கும் திறந்துடும். ஆனா எனக்குத்தான் கை வரல."

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் அவள் கணினிப் பொறுப்பாளர்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தை நடத்துபவரை அவருடைய கொழுந்தன் 'அண்ணி' என்று கூப்பிடுவான். கேட்டுக் கேட்டு, வருகிறவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

"எதை எடுக்கணும்? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

"நோயாளிங்க எங்க இணையப் பக்கத்துலதான் நேரம் பதிவு பண்ணுவாங்க. பக்கத்தோட பேரை அடிச்சா, அதோட முகவரி என்னன்னு இணையம் ஒரு பட்டியலைக் கேட்கும். டி.என்.எஸ்.ன்னு பேரு. நடுவுல யாராவது பொய் முகவரியைச் சொருகிட்டா, அப்பாவியா அங்க போய் நிப்போம். அதைத் தடுக்கத்தான் போன வாரம் பட்டியலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டேன். போடுற சாவி என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. நேத்து சாயந்திரத்துல இருந்து பாதிப் பேருக்குப் பக்கம் திறக்கல. அந்தக் கையெழுத்தாலதான்னு எல்லாரும் என்னையே பாக்குறாங்க, அதை எடுக்கச் சொல்றாங்க."

"உங்க கையெழுத்துல தப்பிருக்கா?"

"விடிய விடியப் பாத்துட்டேன். என் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு தடவை நேரம் தவறினாலே சிலருக்கு மூச்சு முட்டும் அண்ணி. இது வெறும் வெப்சைட் இல்ல."

"பட்டியல் எங்க இருக்கு?"

"வெளியில ஒரு நிறுவனத்துல. அதை மாத்துற கடவுச்சொல் எனக்கு, நிர்வாக மேலாளருக்கு, பழைய கான்ட்ராக்ட் இன்ஜினியருக்கு, மூணு பேருக்கும் தனித்தனியா உண்டு. யார் எப்ப நுழைஞ்சாங்கன்னு கேட்டேன். மையத்தை நடத்துற டாக்டர் கேட்டாத்தான் சொல்வாங்களாம். தப்பு என்மேலதான்னு டாக்டர் முடிவே பண்ணிட்டார். அவர் எங்க கேட்கப்போறார்?"

"கான்ட்ராக்ட்காரன்தான் அண்ணி!" கொழுந்தன் துள்ளி எழுந்தான். "வேலை போன கடுப்பு. சந்தேகமே இல்ல."

"உனக்கு எதுலதான் சந்தேகம் வந்திருக்கு? வண்டிச் சாவியை எடு."

மையத்தின் நடைக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை. பதிவு செய்ய முடியாதவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். ஒருவர் வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் அதன்மேல் வைத்திருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கோப்பு எண் சொல்லுங்க... கோப்பு எண்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிர்வாக மேலாளர் எதிரே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பதமான பேச்சு.

"துப்பறியுற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா. கையெழுத்தை எடுத்தா முடிஞ்சது. பாருங்க, ஜனங்க தவிக்கிறாங்க."

"உங்களுக்குப் பக்கம் திறக்குதா?"

"எங்க? ஆபீஸ்ல இல்ல, வீட்டுல இல்ல, போன்லயும் இல்ல. நேத்து சாயந்திரத்துல இருந்து வெள்ளைத் திரையைத்தான் பாத்துட்டிருக்கேன்."

டீ குடிக்கப் போன கொழுந்தன் குடிக்காமலே ஓடிவந்தான். "அண்ணி, டீக்கடை வைஃபைல திறக்குது! உள்ள வந்ததும் போயிடுச்சு. ஆனா படம் எடுத்து வெச்சிருக்கேன்."

பொறுப்பாளரின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"நிறம், படம் எல்லாம் எங்களோடதுதான். ஆனா... 'உறுப்பினர் எண்'ணாம். கீழ வங்கிக் கார்டு விவரம் வேற கேக்குது. நாங்க கார்டெல்லாம் கேக்கவே மாட்டோம். இது எங்க பக்கமே இல்ல."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது சரின்னீங்க. வெளி நிறுவனத்துல இருக்கிற பட்டியலைப் பாத்தீங்களா?"

அவள் விசைப்பலகையை இழுத்துத் தட்டினாள். திரையில் வந்த முகவரி வேறாக இருந்தது.

"இதுல என் கையெழுத்து இல்ல. யாரோ முகவரியை மட்டும் மாத்தியிருக்காங்க. பதற்றத்துல என் தப்பையே தேடிட்டிருந்தேன், வெளியில பாக்கவே தோணல."

"அப்ப, கையெழுத்தைச் சரிபார்க்கிற இணைப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு, இது பொய்னு தெரிஞ்சு கதவைச் சாத்திடுச்சு. உங்க ஆபீஸ் இணைப்பும் அப்படித்தான். டீக்கடை இணைப்பு சரிபார்க்கல, கண்ணை மூடிட்டு உள்ள விட்டுடுச்சு."

"திறக்காதவங்கதான் தப்பிச்சாங்களா!" என்றான் கொழுந்தன்.

"நான் மட்டும் கையெழுத்தை எடுத்திருந்தா..." என்றாள் அவள்.

"எல்லாருக்கும் திறந்திருக்கும்" என்றார் அண்ணி. "இந்தப் படத்தைப் பத்தி வெளியில மூச்சு விடாதீங்க. அந்த இன்ஜினியரையும் கூப்பிடுங்க."

டாக்டரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். பழைய கான்ட்ராக்ட் இன்ஜினியர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முறைத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு விஷயம்தான் தெரியணும்" என்றார் அண்ணி. "கையெழுத்தை எடுத்ததும் நோயாளிங்க வழக்கம்போலப் பதிவு பண்ணிடலாமா?"

"தாராளமா" என்று மேலாளர் முந்திக்கொண்டார். "உறுப்பினர் எண்ணை அடிச்சா நேரம் கிடைச்சுடும். இதுக்கு இவ்வளவு கூட்டமா?"

"என்ன எண்?" என்று இன்ஜினியர் நிமிர்ந்தார். "நான் செஞ்சு கொடுத்தது கோப்பு எண்ணுன்னுதானே?"

"இந்தக் கட்டடத்துல எல்லாரும் கோப்பு எண்ணுன்னுதான் சொல்றாங்க" என்றார் அண்ணி. "உறுப்பினர் எண்ணுங்கிற வார்த்தை ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு." படத்தை டாக்டர் முன் வைத்து, நடந்ததை விளக்கினார். "நேத்து சாயந்திரம்தான் முளைச்ச பொய்ப் பக்கம் இது. எங்கேயுமே திறக்கலன்னு சொன்ன மேலாளருக்கு இந்த வார்த்தை எப்படி வந்தது?"

"வாய் தவறி வந்துடுச்சு" என்றார் மேலாளர். முன்பிருந்த பதம் குரலில் இல்லை.

"இருக்கலாம். ஒரு வார்த்தையை வெச்சு யாரையும் குற்றவாளின்னு சொல்ல மாட்டேன். ஆனா கையெழுத்தை எடுத்தா லாபம் யாருக்குன்னு யோசிச்சேன். முகவரியை மாத்தினவருக்குப் பாதிப் பேர்தான் சிக்கினாங்க. மீதிப் பேரும் சிக்கணும்னா இந்தப் பொண்ணு பயந்து கையெழுத்தை எடுக்கணும். காலையில இருந்து அவளைத் துரத்தினது யாரு டாக்டர்? நீங்களா சொன்னீங்களா, யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

டாக்டர் மேலாளரைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து அந்த நிறுவனத்தைக் கேட்டார். பதில் வரும்வரை பொறுப்பாளர் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். நுழைந்தது தன் பெயரில்தான் என்று வந்துவிட்டால்?

"நேத்து முகவரியை மாத்தினது" என்று டாக்டர் ரிசீவரை வைத்தார், "மேலாளரோட கடவுச்சொல்லை வெச்சுத்தான்."

மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்தைச் செஞ்சது வெளியாளுங்க சார். நான் முகவரியை மாத்தினேன், அதுல வர்ற வார்த்தைகளை எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். முன்னாடி கிளப்ல வேலை பாத்த பழக்கத்துல உறுப்பினர்னு எழுதிட்டேன். இவங்க போட்ட கையெழுத்து என்னன்னே எனக்குப் புரியல. பாதிப் பேருக்குத் திறக்கலன்னதும்தான்..."

டாக்டர் போலீசைக் கூப்பிட்டார். பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். அவள் அதற்குள் எழுந்து ஓடியிருந்தாள். மேலாளரின் கடவுச்சொல்லை முடக்கி, சரியான முகவரியைக் கையெழுத்தோடு திரும்ப ஏற்றினாள். அலுவலகத் திரையில் பக்கம் மெல்ல வந்து நின்றது. கொழுந்தன் கைதட்டினான்.

அவள் சிரிக்கவில்லை. "திறக்காதவங்கல்லாம் இங்க வந்து உட்கார்ந்திருக்காங்க அண்ணி. திறந்தவங்க?"

"அவங்களைத்தான் இப்பத் தேடணும்."

நேரில் வராத நோயாளிகளின் எண்களை நால்வருமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இன்ஜினியரும் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பொறுப்பாளர் முதல் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் வயதான ஒருவரின் உற்சாகமான குரல்.

"சென்டர்ல இருந்தா? பக்கம் திறக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரர் புலம்பிட்டிருந்தார். எனக்கு ஒரு தொல்லையும் இல்லம்மா. தொட்ட உடனே திறந்துச்சு. கேட்டதெல்லாம் போட்டுட்டேன்."

அவள் கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தாள்.

"ஐயா, பயப்படாதீங்க. அந்தக் கார்டு கையில இருக்கா? பின்பக்கம் பேங்க் போன் நம்பர் ஒண்ணு இருக்கும். எழுதிக்கோங்க. நான் வெச்சதும் வேற எதுவும் செய்யாம, கார்டை முடக்கச் சொல்லி அவங்களைத்தான் கூப்பிடணும்."