மாடி அறையின் சூடு

அம்சவேணியின் தம்பி பழனி இறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதக் குழந்தை. மூன்றே நாள் காய்ச்சல்.

அதன்பிறகு அம்மா மாடி அறையிலேயே கிடந்தாள். தம்பியின் தூளி தொங்கிய இடம் அது. குளிக்க மட்டும் கீழே வருவாள், உடனே ஏறிவிடுவாள்.

சித்திரை வெயில். அறைக்குத் தகரக் கூரை. உள்ளே நின்றாலே தலை சுற்றியது.

"கீழ வா வடிவு. இந்தச் சூட்டுல உனக்கும் ஏதாவது ஆயிடும்" என்றார் அப்பா.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா இறங்க மாட்டாள். அப்படியானால் சூட்டையாவது இறக்க வேண்டும் என்று நினைத்தாள் அம்சவேணி.

தெருமுனையில் ரேடியோக் கடை வைத்திருந்தவர் ராஜகோபால்.

"மாமா, கூரைக்கு அடியில எதை வெச்சா சூடு இறங்காது?"

"ரேடியோ பெட்டியில வர்ற தெர்மாகோல் இருக்குது. மெத்தைக் கடையில ரப்பர் நுரை இருக்குது. எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

"நான் பாத்துக்கறேன்."

இரண்டிலும் துண்டுகள் வாங்கிவந்தாள். ஒரு குச்சி ஐஸைச் சரிபாதியாக உடைத்து இரண்டு டம்ளர்களில் போட்டாள். குச்சியை மட்டும் நக்கிக்கொண்டாள். ஒரு டம்ளரை நுரையால் சுற்றி மூடினாள். இன்னொன்றைச் சுற்றித் தெர்மாகோலை அடுக்கி மூடினாள். இரண்டையும் அறை வாசலில், வெயிலில் வைத்தாள்.

அரைமணி கழித்துத் திறந்தபோது நுரைக்குள் வெறும் சிவப்புத் தண்ணீர். தெர்மாகோலுக்குள் புளியங்கொட்டை அளவு ஐஸ் மிச்சமிருந்தது.

"அம்மா, தெர்மாகோல்தான்மா நல்லது. கூரைக்கு அடியில வெச்சுடலாம்."

அம்மா மெல்லத் திரும்பினாள். "நெருப்பு பட்டா எரியுமா?"

அதை அம்சவேணி யோசிக்கவில்லை. ராஜகோபால் மாமாவிடம் ஓடினாள். அவர் கடை வாசலில் ஒரு துண்டைக் கொளுத்திக் காட்டினார். கரும்புகையோடு சுருங்கி, சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது.

தூளி தொங்கிய இடத்தில் தம்பிக்காக அம்மா ஏற்றிய அகல் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"எரியுதும்மா" என்றாள் வந்து.

"அப்ப வேணாம். நான் விளக்க அணைக்க மாட்டேன்."

"அணைக்க வேணாம்மா. கீழ சமையக்கட்டுல வெக்கலாம். தம்பி மொதல்ல தவழ்ந்தது அங்கதான்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இல்லியே. இந்த ரூம்லதான தவழ்ந்தான்?"

"அதுக்கு மொத நாளே தவழ்ந்தான்மா. நீ தண்ணிக்குப் போயிருந்தே. நீயே மொதல்ல பாத்ததா இருக்கட்டும்னு நான் சொல்லல."

அம்மா அகலை எடுத்துக்கொண்டு, காற்றில் அணையாமல் கைவைத்து மறைத்தபடி, படி இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ராஜகோபாலும் மூங்கில் பட்டை கட்டி, கூரைக்கு அடியில் தெர்மாகோலைச் செருகினார்கள். அறை குளிர்ந்துவிடவில்லை, ஆனால் அனல் அடங்கியது.

அம்மா அப்போது மாடியில் இல்லை. சமையலறைத் தரையில், அகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கேந்து எதுவரைக்கும் தவழ்ந்தான்?"

"அம்மிக்கிட்டேந்து அரிசிப் பானை வரைக்கும். பானையில முட்டிக்கினு அதையே மொறைச்சான்மா."

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. அம்சவேணியை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

அம்சவேணி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.