நீல வீடுகள்

லைமன் எழுந்தான். அடுப்பை மூட்டினான். சோளமாவுக் கஞ்சியை நின்றபடியே குடித்தான். சவரம் செய்துகொண்டான். வரைமேசையில் படத்தை மூடிக் கிடந்த துணியை விலக்கினான்.

வீடுகள் திரும்ப வந்திருந்தன.

நேற்றுதான் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தான். வசந்தத்தில் அணை உடைந்தபோது ஆற்றோரம் இருந்த மில் குடியிருப்பு முழுவதையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மில் தறியில் நின்ற அவன் மனைவி ஹல்டாவும் போனாள். அவை மில் கட்டிய வீடுகளல்ல, ஆட்களே பிற்பாடு போட்டுக்கொண்ட குடிசைகள் என்றார் மில் முதலாளி ஸ்டெப்பின்ஸ். இந்தப் பழைய நில அளவைப் படம் ஒன்றுதான் அதைப் பொய் என்றது. பாஸ்டனிலிருந்து வந்திருக்கும் விசாரணைக் குழு அதைப் பார்ப்பதற்குள் வீடுகள் போக வேண்டும். லைமன் மறுக்கவில்லை. மறுக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

படத்தில் கட்டடம் கறுப்பு, மலை பழுப்பு, தண்ணீர் நீலம். திரும்பி வந்த வீடுகள் நீலமாக இருந்தன.

தொட்டான். ஈரம். சேற்றின் வாடையும் நனைந்த பஞ்சின் வாடையும், மாலைதோறும் அவள் கூந்தலில் இருந்த தறி எண்ணெயின் வாடையும் அறைக்குள் மெல்ல ஏறின. வெளியே ஆறு வற்றிக் கிடக்க, தரைப்பலகைகளுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்தது.

ஸ்டெப்பின்ஸ் உள்ளே வந்தார்.

"என்னப்பா, நாலு வீட்டை அழிக்க இத்தனை நாளா? தண்ணி ஒரே நிமிஷத்துல முடிச்சிருச்சு!" சிரித்தவர் அவன் முகத்தைப் பார்த்துச் செருமினார். "சும்மா சொன்னேன்பா. குடு, குழுக்காரங்க எனக்காக உக்காந்திருக்காங்க."

"நீங்களே பாருங்க ஐயா."

நீலம் ஊர்ந்தது. பழுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேட்டில் ஏறியது. அங்கே தனியாக நின்ற ஸ்டெப்பின்ஸின் வீட்டைத் தொட்டது.

ஸ்டெப்பின்ஸ் இருமினார். உள்ளங்கையில் சேறு.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

மாடிப்படியில் ஈரக் காலடி. நின்றது. இன்னொன்று.

"யாருடா அது? கதவைச் சாத்து!"

அந்த நடை லைமனுக்குத் தெரியும். கதவைச் சாத்தவில்லை. ஸ்டெப்பின்ஸைத் தோளில் அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் வாய் திறந்தது. குரல் இல்லை. பழுப்புத் தண்ணீர். நூல். மேலும் நூல்.

வாசலில் நிழல் விழுந்தது.

அணை உடைந்த அன்று, அதன் சுவரில் கசிவைப் பார்த்துவிட்டு வந்த ஹல்டா, வேலைக்குக் கிளம்பும்போது கடைசியாகச் சொன்னாள்:

"முதலாளி இந்தப் பக்கம் வந்தா விட்டுறாதே, லைமன். உக்கார வை. நான் வந்து பேசிக்கிறேன்."